கண்ணீர்ப் பாதை அடைத்தால்: வெளியே கீறலா, மூக்கு வழியா, பையை எடுப்பதா?

போன மாதம் கோத்தகிரி சந்தையில் ஒரு அக்கா என்னை நிறுத்தினார். "உங்கம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருந்துச்சே, கீறித்தானே பண்ணாங்க? என்னை மூக்கு வழியா பண்ணிக்கச் சொல்றாங்க. எது நல்லது?" என்று கேட்டார். அதற்கு முந்தின வாரம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இன்னொருவர் இதையே கேட்டார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இந்தப் பிரச்சினை வந்தது. அம்மாவுக்கு வெளியே கீறி ஆபரேஷன். பெரியம்மாவுக்குக் கண்ணீர்ப் பையையே எடுத்துவிட்டார்கள். அண்ணன் மகளுக்கு ஆபரேஷனே இல்லாமல் தடவிவிட்டே சரியானது. நான் டாக்டர் இல்லை. மூன்று பேருக்கும் துணைக்குப் போனவள், ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்தவள்.

எல்லோரும் முதலில் தழும்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மலையில் இருக்கும் நாம் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அடைப்பு எங்கே இருக்கிறது? இதற்காக எத்தனை தடவை கீழே இறங்கி ஏற வேண்டும்?

## அடைப்புதானா என்று முதலில் தெரிய வேண்டும்

மேல் இமை, கீழ் இமை இரண்டிலும் மூக்கை ஒட்டிய ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. கண்ணீர் அந்தத் துளைகளில் இறங்கி, மெல்லிய கால்வாய் வழியாகக் கண்ணீர்ப் பைக்குப் போகிறது. அங்கிருந்து எலும்புக்குள் போகும் ஒரு குழாய் அதை மூக்குக்குள் கொண்டு விடுகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டையில் கசப்பதும் இதனால்தான். அந்த எலும்புக் குழாய் அடைத்துக்கொண்டால் நீர் கன்னத்தில் வழியும். பையில் தேங்கிய நீரில் கிருமி வளர்ந்து சீழாகும். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

ஆனால் கண்ணில் நீர் வடிகிற எல்லோருக்கும் அடைப்பு இருக்காது. மார்கழி, தை மாதக் காலையில் ஊட்டிப் பக்கம் டூவீலரில் போனால் யாருக்கும் கண் கலங்கும். கண் உலர்ந்து போனவர்களுக்கு அந்தக் குளிர்காற்று பட்டதும் இன்னும் அதிகமாகக் கொட்டும். கண் வறண்டால் அதற்குப் பதிலாக நீர் சுரப்பது உடம்பின் வேலை. விறகு அடுப்புப் புகை, உள்பக்கம் திரும்பி உரசும் இமை முடி, வயதானவர்களுக்குத் தொங்கிப்போன கீழ் இமை, இவற்றாலும் வடியும். இவர்களுக்கெல்லாம் கண்ணீர்ப் பை ஆபரேஷன் செய்தால் பயன் இல்லை.

அடைப்பு என்று சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் வடியும். பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் இருக்கும், அல்லது ஒரு கண்ணில் அதிகமாக இருக்கும். காலையில் பீளை ஒட்டும். கண்ணின் உள்மூலைக்குப் பக்கத்தில், மூக்கோரம் விரலால் அழுத்தினால் கோழை மாதிரியோ சீழ் மாதிரியோ கண்ணுக்குள் எதிர்த்து வரும்.

உறுதி செய்ய ஒரு எளிய சோதனை இருக்கிறது, சிரிஞ்சிங் என்பார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, மழுங்கிய ஊசியால் இமைத் துளைக்குள் உப்பு நீரைச் செலுத்துவார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது. கீழ்த்துளையில் விட்டது மேல்துளை வழியாகக் கோழையோடு திரும்பினால், பைக்குக் கீழே அடைப்பு. விட்ட துளையிலேயே திரும்பினால், பைக்கு முன்னாலேயே மெல்லிய கால்வாயில் அடைப்பு. கடைசியாகச் சொன்னது வேறு சங்கதி. அதற்கு இந்தக் கட்டுரையில் வரும் ஆபரேஷன் மட்டும் போதாது, சிலருக்குச் சிறு கண்ணாடிக் குழாய் நிரந்தரமாக வைக்க வேண்டியிருக்கும்.

ஐந்து நிமிஷ வேலை இது. அம்மாவுக்கு இதைச் செய்து பார்க்காமலே ஒரு டாக்டர் ஆறு மாதம் சொட்டு மருந்தை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்த ஆறு மாதத்தின் முடிவில் கண்ணோரம் நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்து வீங்கி, வலியில் அம்மா இரண்டு இரவு தூங்கவில்லை. சிரிஞ்சிங் செய்யாமல் யாராவது ஆபரேஷன் என்றாலும் சரி, ஆபரேஷன் வேண்டாம் என்றாலும் சரி, அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

கண்ணீரில் ரத்தம் கலந்து வந்தாலோ, உள்மூலைக்கு மேல்பக்கம் கெட்டியாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, முதலில் ஸ்கேன். எந்த ஆபரேஷன் என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து விஷயங்களை வைத்துப் பார்க்கிறேன். பையில் சீழ் இருக்கிறதா? செய்த வழி அடைக்காமல் நிற்க எவ்வளவு வாய்ப்பு? மரத்துப்போகும் ஊசி போதுமா, முழு மயக்கம் வேண்டுமா? எத்தனை தடவை திரும்ப வர வேண்டும்? எப்போது வேலைக்குப் போகலாம்?

நான்காவதில்தான் நமக்கு மறைந்த செலவெல்லாம் இருக்கிறது. ஊட்டியிலிருந்து கோவை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு அதைவிட அதிகம். காலை எட்டு மணிக்கு ஓ.பி.யில் நிற்க முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அல்லது முந்தின நாளே இறங்கித் தங்க வேண்டும். துணைக்கு ஒரு ஆள். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர் என்றால் இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. ஆஸ்பத்திரி பில்லில் இது எதுவும் வராது.

## வெளிக் கீறல் டி.சி.ஆர்.

டி.சி.ஆர். என்பது கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குப் புது வழி போடும் ஆபரேஷனின் சுருக்கப் பெயர். டோட்டி என்ற இத்தாலிய மருத்துவர் 1904-ல் வகுத்த முறை இது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் மற்ற முறைகளை இதோடு வைத்துத்தான் அளக்கிறார்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடவோ தோலைக் கீறி, அடியில் இருக்கும் மெல்லிய எலும்பில் ஒரு ஜன்னல் திறந்து, கண்ணீர்ப் பையை மூக்கின் உள்சவ்வோடு சேர்த்துத் தைக்கிறார்கள். அடைபட்ட குழாயை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலே ஒரு குறுக்குவழி போடுகிறார்கள். தேவைப்பட்டால் வழி மூடாமலிருக்கச் சிலிக்கான் நூல்குழாய் ஒன்றை வைப்பார்கள்.

நன்றாகத் தேர்ந்தவர் கையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வழி திறந்தே நிற்கிறது. மரத்துப்போகும் ஊசியோடு கொஞ்சம் தூக்க மருந்து கொடுத்தே பெரியவர்களுக்குச் செய்துவிடலாம். ஒரு மணி நேரம் ஆகும். சர்க்கரை, நெஞ்சு நோய் என்று முழு மயக்கத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. நாங்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

குறைகளும் உண்டு. கண்ணைச் சுற்றி ஒரு வாரம் கறுத்து வீங்கும். மூக்குக் கண்ணாடியின் தாங்கி சரியாகக் காயத்தில் உட்காரும் என்பதால் சில நாள் கண்ணாடி போட முடியாது. பார்வை அதை நம்பியே இருப்பவர்களுக்கு இது கஷ்டம். ஒரு வாரத்தில் தையல் பிரிக்க வேண்டும். தழும்பு சில மாதத்தில் மங்கிவிடும். அம்மாவுக்கு இப்போது காட்டினால்தான் தெரியும். ஆனால் காயம் பட்டால் தடித்து வளரும் தோல்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சீழ்க்கட்டியாக வீங்கியிருக்கும்போது இந்த ஆபரேஷனைச் செய்யமாட்டார்கள். முதலில் ஆன்டிபயாடிக், வீக்கம் வடிந்த பிறகுதான் தேதி. அம்மாவுக்கு அந்தக் காத்திருப்பு மட்டும் மூன்று வாரம்.

## மூக்கு வழி டி.சி.ஆர்.

இந்த யோசனை டோட்டிக்கும் முந்தியது. 1893-ல் அமெரிக்க மருத்துவர் கால்டுவெல் மூக்குக்குள்ளிருந்தே இதைச் செய்து பார்த்தார். உள்ளே சரியாகப் பார்க்க வழியில்லாததால் அது பரவவில்லை. 1980-களின் கடைசியில் எண்டோஸ்கோப் வந்த பிறகுதான் உயிர் பெற்றது. மூக்குக்குள் கேமரா விட்டு, அதே எலும்பு ஜன்னலை உள்பக்கமிருந்து திறக்கிறார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இருக்காது.

பழகிய கைக்கு இதன் பலன் வெளிக் கீறலுக்குக் கிட்டத்தட்ட சமம். கை பழகாதவருக்கு அந்த அளவு வராது. அதனால் இங்கே முறையைவிட ஆளைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். "இதை நீங்கள் அடிக்கடி செய்வீர்களா, எத்தனை பேருக்குத் திரும்ப அடைத்தது?" என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. நல்ல டாக்டர் நிதானமாகப் பதில் சொல்வார்.

இளம் வயதுக்காரர்கள், தடித்த தழும்பு வரும் தோல் உள்ளவர்கள், மூக்குத் தண்டு வளைந்திருப்பவர்கள், இவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தண்டு வளைவையும் ஒரே மேஜையில் சரிசெய்துவிடலாம். சீழ் கட்டியிருக்கும்போதே சில சர்ஜன்கள் இந்த வழியில் போய் வடித்துவிடுகிறார்கள். தோலை வெட்டாததால் அது முடிகிறது. முன்பு வெளியே கீறிச் செய்து திரும்ப அடைத்தவர்களுக்கும் பலருக்கு இந்த வழி கைகொடுக்கிறது. கண்ணாடியை மறுநாளே போடலாம்.

இப்போது மறைந்த செலவு. பல இடங்களில் முழு மயக்கத்தில்தான் செய்கிறார்கள். அதற்கு ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதல் என்று ஒரு தனிப் பயணம். ஆபரேஷனுக்கு அப்புறம் மூக்குக்குள் கட்டும் பொருக்கை எடுத்துச் சுத்தம் செய்ய ஒன்றிரண்டு தடவை கூடுதலாகப் போக வேண்டும். வீட்டில் தினமும் உப்பு நீரால் மூக்கைக் கழுவ வேண்டும். இந்தச் சுத்தத்தை விட்டுவிட்டால் புது வழியின் வாயிலேயே சதை வளர்ந்து அடைத்துவிடலாம். கோவையில் மகன் வீடோ மகள் வீடோ இருந்து இரண்டு வாரம் தங்க முடிந்தால் இது பெரிதில்லை. பந்தலூரில் தனியாக இருப்பவருக்கு ரொம்பப் பெரிது.

## லேசர், பலூன்

சுருக்கமாகச் சொல்கிறேன். இமைத் துளை வழியாக லேசர் நாரைச் செலுத்தி எலும்பில் துளை போடும் முறை இருக்கிறது. வேகமானது, ரத்தம் குறைவு. ஆனால் துளை சிறிது. மேலே சொன்ன இரண்டையும்விட அதிகம் பேருக்குத் திரும்ப மூடிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு முழு அடைப்பு இருக்கும்போது வெறுமனே கம்பி விட்டுக் குத்தித் திறப்பதும் பலூன் ஊதுவதும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. "லேசர்" என்ற சொல்லுக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## பையை எடுத்துவிடுதல், டி.சி.டி.

பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு கண்ணிலும் புரை. புரை ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்தபோதுதான் ஒரு கண்ணீர்ப் பையில் சீழ் இருப்பது தெரிந்தது. அந்தச் சீழோடு கண்ணைத் திறந்து லென்ஸ் வைத்தால் கிருமி கண்ணுக்குள் போய்ப் பார்வையே போய்விடலாம். அதனால்தான் கேம்பில் கண் பார்க்கும்போது மூக்கோரம் அழுத்திப் பார்க்கிறார்கள். அதைக் கண்டு பாட்டிமார்கள் எரிச்சல்பட வேண்டாம்.

டி.சி.டி.யில் புது வழி எதுவும் போடுவதில்லை. சீழ் தங்கும் பையை எடுத்துவிடுகிறார்கள். எலும்பைத் தொடுவதில்லை என்பதால் வேகம், ரத்தமும் குறைவு, மரத்துப்போகும் ஊசியே போதும். திரும்பப் போவதும் தையலுக்கு ஒரு தடவைதான். வயது அதிகம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார், படுத்து எழ முடியவில்லை, சீக்கிரம் புரை எடுத்தாக வேண்டும் என்றால் இது நியாயமான தேர்வு.

ஆனால் நீர் வடிவது நிற்காது. இதைப் பலருக்குச் சொல்வதில்லை. அப்புறம் "ஆபரேஷன் பண்ணியும் வடியுதே" என்று வருத்தப்படுகிறார்கள். வயதானவர்களுக்குக் கண்ணீர் சுரப்பே குறைவு என்பதால் தொந்தரவு பெரும்பாலும் தாங்கக்கூடியதாக இருக்கும். பெரியம்மாவுக்குக் காற்றடித்தால் மட்டும் வடிகிறது. இன்னொன்று, பையை எடுத்தபிறகு மனம் மாறி டி.சி.ஆர். கேட்டால் முடியாது. ஐம்பது வயதில், ஆரோக்கியமாக இருப்பவருக்கு "சின்ன ஆபரேஷன்தான்" என்று இதைச் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

## தள்ளிப்போடுதல்

இதுவும் ஒரு தேர்வுதான். பெரும்பாலானவர்கள் செய்வதும் இதுதான். சீழ் இல்லை, வெறும் நீர் மட்டும், அதுவும் பொறுத்துக்கொள்ளும் அளவு என்றால் தள்ளிப்போடலாம். இதனால் மட்டும் பார்வை போய்விடாது. சீழ் வருகிறது, ஒரு தடவை வீங்கி அடங்கியிருக்கிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. திரும்ப வீங்கும். கட்டி தானாக உடைந்தால் தோலில் ஓட்டை விழுந்து கண்ணீர் அதன் வழியே கசியும், அப்புறம் ஆபரேஷனும் சிக்கலாகும். தோட்டத்தில் இலையோ குச்சியோ குத்திக் கருவிழியில் சின்னக் கீறல் விழுந்தாலும், பக்கத்திலேயே சீழ் இருப்பதால் புண்ணாகிவிடும். கொழுந்து எடுக்கிற பெண்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | வெளிக் கீறல் | மூக்கு வழி | பையை எடுத்தல் |
|---|---|---|---|
| நீர் வடிவது | நிற்கும் | நிற்கும் | முழுதாக நிற்காது |
| சீழ் | போகும் | போகும் | போகும் |
| மயக்கம் | ஊசியே போதும் | பெரும்பாலும் முழு மயக்கம் | ஊசியே போதும் |
| முகத்தில் தழும்பு | சிறிது, மங்கும் | இல்லை | சிறிது, மங்கும் |
| திரும்பப் போவது | தையலுக்கு, குழாய் எடுக்க | மூக்குச் சுத்தத்துக்குச் சில தடவை, குழாய் எடுக்க | தையலுக்கு |
| வீங்கியிருக்கும்போது | செய்யமாட்டார்கள் | சிலர் செய்கிறார்கள் | செய்யமாட்டார்கள் |
| யாருக்குப் பொருந்தும் | முழு மயக்கம் ஆகாதவர், தூரத்தில் இருப்பவர் | இளவயது, வளைந்த மூக்குத் தண்டு, தடித்த தழும்புத் தோல் | முதியவர், புரை அவசரம் |

## கைக்குழந்தை என்றால் கணக்கே வேறு

பிறந்த குழந்தைகளில் பலருக்கு அந்தக் குழாயின் கீழ்முனையில் மெல்லிய சவ்வு திறக்காமல் இருக்கும். பத்தில் ஒன்பது குழந்தைக்கு ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும். அண்ணன் மகளுக்கு எட்டாம் மாதத்தில் நின்றது. நாங்கள் செய்தது தடவிவிடுவது மட்டும். நகம் வெட்டி, கை கழுவி, கண்ணின் உள்மூலையில் மூக்கோரம் விரலை வைத்து லேசாக அழுத்தி, கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு நாலு வேளை. கன்னத்தைத் தடவினால் பயன் இல்லை, பை இருக்கும் இடத்தில் அழுத்தம் விழ வேண்டும். ஒருமுறை டாக்டரையோ நர்ஸையோ செய்து காட்டச் சொல்லுங்கள். தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் கண்ணில் விட வேண்டாம். பால் கிருமிக்குத்தான் தீனி.

ஒரு வயதுக்கும் நிற்கவில்லை என்றால் மெல்லிய கம்பி விட்டுத் திறப்பார்கள், சில நிமிஷம்தான். பெரியவர்களுக்கு நிலைக்காத அதே வேலை இவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே தடவையில் நிலைக்கிறது. இரண்டு, மூன்று வயது வரை இழுத்தடித்தால் அந்த வாய்ப்புக் குறைகிறது. ஆனால் பிறந்த சில நாளில் கண்ணோரம் நீலமாக வீங்கினாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்து வெளிச்சத்துக்குக் குழந்தை கண்ணைச் சுருக்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். கடைசியில் சொன்னது கண் அழுத்த நோயாக இருக்கலாம்.

## தேதி குறிப்பதற்கு முன்னால்

ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து வழி மூடுவது நமக்குப் புதிதில்லை. குழாய் எடுக்கும் நாள் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வரும். அதையும் எண்ணித் தேதி கேளுங்கள். ஏப்ரல், மே சீசனில் வண்டி நெரிசலில் மூன்று மணி நேரப் பயணம் ஆறு மணி நேரமாகும். அம்மாவுக்கு மாசியில் செய்து சித்திரைக்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்தோம், அது வசதியாக இருந்தது.

மூக்கில் ரத்தம் வருவது முதல் சில நாளில் நடக்கக்கூடியது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர் என்றால் அன்றே மலையேறாமல் ஒரு இரவாவது கீழே தங்குங்கள். ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்த வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முதல் ஓரிரு நாள் சுடச்சுட எதுவும் குடிக்கக் கூடாது. அம்மாவுக்கு ஆபரேஷனைவிட ஆறிய டீ குடித்ததுதான் பெரிய துன்பம்.

சிலிக்கான் குழாயின் வளையம் கண்ணோரம் வெளியே வந்துவிட்டால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கே போவது? கோவையிலும் மதுரையிலும் இருக்கும் அரவிந்த் போன்ற பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் இமை, கண்ணீர்ப் பாதைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆக்குலோபிளாஸ்டி என்று கேட்டால் காட்டுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த முறை அதில் வரும் என்று ஆபரேஷன் தேதி வாங்கும் முன்பே காப்பீட்டு மேஜையில் கேட்டுவிடுங்கள். சந்தையில் கேட்ட அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது, மூக்குத் தண்டு வளைவு உண்டு, தங்கை வீடு கோவை கவுண்டம்பாளையத்தில். அவரிடம் மூக்கு வழியாகவே செய்துகொள்ளச் சொன்னேன்.